எல்லையோரப் பள்ளியில் திருநர் உரிமை பற்றிப் பேச: பெரிய மேடையா, சின்ன வகுப்பா, விண்ணப்பத் தாளா?

வாயனசாலைத் திண்ணை (கொழிஞ்சாம்பாறை) | 3 ஆகஸ்ட் 2024

எல்லாருக்கும் வணக்கமுங்க. இங்க பாலக்காட்டு எல்லையில, வாயனசாலையும் (ஊர் நூலகம்) ஹைஸ்கூல் பிடிஏவும் (பெற்றோர் ஆசிரியர் சங்கம்) சேர்ந்து திருநர் (திருநங்கை, திருநம்பி எல்லாரும்) உரிமை பத்தி ஒரு நிகழ்ச்சி வைக்கலாம்னு பேசியாச்சு. எப்படி வைக்கிறதுங்கிறதுலதான் கமிட்டி ரெண்டா நிக்குது. பாதிப் பேர் சொல்றது: கோயம்புத்தூர்ல இருந்து பேர் தெரிஞ்ச திருநங்கை ஒருத்தரைக் கூப்பிட்டு, பொன்னாடை போர்த்தி, மைக் செட்டு வச்சு, ஊரே பார்க்கிற மாதிரி கூட்டம். மீதிப் பேர் சொல்றது: கூட்டம் வேண்டாம், ஆசிரியருக்கு, 9ஆம் வகுப்புக்கு, பெற்றோருக்கு, குடும்பஸ்ரீக்குன்னு (பெண்கள் சுய உதவிக் குழு) தனித்தனியா உட்கார்ந்து பேசலாம்.

இன்னொரு சங்கடம். நம்ம பிள்ளைங்க தமிழ் மீடியம், ஆனா புத்தகம் கேரள அரசோட பாடநூல் அமைப்பு எஸ்சிஇஆர்டி போடுறது. தமிழ்நாட்டு 11ஆம் வகுப்புத் தமிழ்ப் புத்தகத்துல திருநங்கை பரதக் கலைஞர் நர்த்தகி நடராஜ் பத்தி வர்ற பகுதி இங்க வராது. கேரளத்து சமூக நீதித் துறை விடுற நோட்டீஸ் மலையாளத்துல வருது, பெரியவங்க பலருக்குப் படிக்க வராது. ரெண்டு அரசாங்கமும் செய்யற வேலை நம்ம பக்கம் வந்து சேராம நடுவுல நின்னுடுது. விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

கரும்பலகை (சித்தூர் தாலுகா, பாலக்காடு) | 3 ஆகஸ்ட்

மாஷ், எந்த வடிவம் வைத்தாலும் ஒரு வரிசையை மட்டும் மாற்றாதீர்கள்: முதலில் ஆசிரியர்கள், பிறகு பெற்றோர், கடைசியில்தான் பிள்ளைகள். மாணவர் நிகழ்ச்சி நன்றாக நடந்தால், அடுத்த சில நாட்களில் ஏதோ ஒரு பிள்ளை ஏதோ ஒரு டீச்சரிடம் வந்து பேசும். அந்த டீச்சர் பதறிப்போய் வீட்டுக்கு போன் போட்டாலோ, ஸ்டாஃப் ரூமில் சொல்லிச் சிரித்தாலோ, நிகழ்ச்சி நடக்காமலே இருந்திருக்கலாம்.

ஆசிரியர் அமர்வுக்கு இரண்டு மணி நேரம் வேண்டும். 20, 25 பேருக்கு மேல் போனால் யாரும் வாய் திறந்து கேட்க மாட்டார்கள். முதல் அரை மணியில் அடிப்படை: உடல், தன் பாலினம் பற்றிய உணர்வு, யார் மீது ஈர்ப்பு என்பது, இந்த மூன்றும் தனித்தனி. திருநர் வேறு, பிறவியிலேயே உடற்கூறில் வேறுபாடு உள்ள ஊடுபாலினர் வேறு. உலக சுகாதார நிறுவனம் 2019இல் ஏற்ற நோய் வகைப்பாட்டின் 11ஆம் பதிப்பில் இது மனநோய்ப் பட்டியலிலேயே இல்லை என்பதையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் 'டாக்டரிடம் காட்டினால் சரியாகும்' என்பதுதான் ஆசிரியர் வாயில் முதலில் வருவது. அடுத்த அரை மணி சட்டம். மீதி ஒரு மணி முழுக்க சூழல் அட்டைகள். பயன் கிடைப்பது இந்தக் கடைசி மணியில்தான், அதைச் சுருக்காதீர்கள்.

அட்டை என்றால் இப்படி: '8ஆம் வகுப்பில் ஒரு பிள்ளை காலையிலிருந்து தண்ணீர் குடிப்பதில்லை, இடைவேளையில் டாய்லெட் பக்கம் போவதில்லை. என்ன செய்வீர்கள்?' பெரும்பாலான ஆசிரியர்கள் 'கூப்பிட்டு விசாரிப்பேன்' என்பார்கள். விசாரிக்க வேண்டாம். தனிக் கழிப்பறை ஒன்றைத் திறந்து வைத்து, காரணம் கேட்காமல் எந்தப் பிள்ளையும் போகலாம் என்று அசெம்பிளியில் பொதுவாகச் சொல்லிவிட வேண்டும். ஒரு பிள்ளைக்கு மட்டும் என்று சாவி கொடுத்தால் அன்றே பள்ளி முழுக்கத் தெரிந்துவிடும்.

இன்னொரு அட்டை: ஆஜர் (வருகைப் பதிவு) புத்தகத்தில் உள்ள பெயரைக் கூப்பிட்டால் பிள்ளை கூசுகிறது. சான்றிதழ் மாறும்வரை புத்தகத்தில் பெயரை மாற்ற முடியாது. ஆனால் வகுப்பு முழுவதையும் நம்பர் சொல்லிக் கூப்பிட எந்தத் தடையும் இல்லை. எல்லாருக்கும் ஒரே மாதிரி என்பதால் யாரும் தனித்துத் தெரிய மாட்டார்கள்.

வாளையார் கணவாய் | 4 ஆகஸ்ட்

டீச்சர் சொல்ற ஒவ்வொண்ணும் சரி. ஆனா மேடையே வேண்டாம்னு சொல்றவங்களோட எனக்கு உடன்பாடில்லை. பார்க்காத ஒண்ணா நாம ஆக முடியும்னு ஒரு பிள்ளைக்கு எப்படித் தோணும்? 2014 ஆகஸ்ட் 15 அன்னைக்கு கோயம்புத்தூர் லோட்டஸ் டிவியில திருநங்கை பத்மினி பிரகாஷ் செய்தி வாசிச்சாங்க. வாளையாருக்கு இந்தப் பக்கமும் கோவை கேபிள் பார்த்த வீடு எத்தனையோ. அதுவரைக்கும் டிவியில திருநங்கைன்னா சினிமா நகைச்சுவை, இல்லைன்னா சித்திரை மாசம் கூவாகம் திருவிழா. அன்னைக்கு ஒருத்தர் சேலை கட்டி உட்கார்ந்து மழை நிலவரமும் சட்டசபையும் சொல்றார். அது சின்ன விஷயமில்லைங்க.

பிரித்திகா யாஷினி இன்னொருத்தர். எஸ்ஐ வேலைக்கு விண்ணப்பம் போட்டப்போ அதுல மூணாவது கட்டமே கிடையாது. 2015 நவம்பர்ல சென்னை உயர்நீதிமன்றம் அவங்க பக்கம் தீர்ப்பு சொல்லுச்சு, 2017ல சப் இன்ஸ்பெக்டர். இது ஒரு பிள்ளை காதுல விழணும், அதுவும் தமிழ்ல விழணும்.

நோட்டரி வாசல் | 4 ஆகஸ்ட்

வாளையார்க்காரர் சொன்னதை ஒத்துக்கொள்கிறேன், ஆனால் மேடைக்குப் பிறகு என்ன என்பதையும் சேர்த்துப் பேச வேண்டும். 2017இல் கொச்சி மெட்ரோ 23 திருநரை வேலைக்கு எடுத்தது. நாடு முழுக்கப் பத்திரிகையில் படம். சில நாட்களிலேயே 8 பேர் வேலையை விட நேர்ந்தது. முக்கியக் காரணம், கொச்சியில் யாரும் அவர்களுக்கு வாடகைக்கு வீடு தரவில்லை. முகம் ஊருக்கே தெரிந்தது, தங்க ஓர் அறை இல்லை. அதனால் நிகழ்ச்சிக்கு வருபவர் வெறும் கையோடு திரும்பக் கூடாது என்பது என் கருத்து. அடையாளச் சான்றிதழுக்கு எப்படி விண்ணப்பிப்பது என்று தமிழில் ஒரு தாளாவது கையில் இருக்க வேண்டும். அந்தத் தாளில் வரவேண்டியது, 2024 ஆகஸ்ட் நிலவரப்படி, இவ்வளவு:

2014 ஏப்ரல் 15, உச்ச நீதிமன்றத்தின் நல்சா (தேசிய சட்டப் பணிகள் ஆணையம் தொடுத்த வழக்கு) தீர்ப்பு: தன் பாலினத்தைத் தானே அறிவிக்கும் உரிமை. 2019 திருநர் உரிமைப் பாதுகாப்புச் சட்டம், 2020 ஜனவரி 10 முதல் நடைமுறை. விதிகள் 2020 செப்டம்பர். அதே ஆண்டு நவம்பரில் தேசிய இணையதளம். விண்ணப்பம் அதில்தான், கட்டணம் இல்லை. படிவம் 1 விண்ணப்பம், படிவம் 2 உறுதிமொழிப் பத்திரம். பத்திரத்தை 10 ரூபாய் முத்திரைத்தாளில் எழுதி நோட்டரி கையெழுத்து வாங்கி ஸ்கேன் செய்து ஏற்ற வேண்டும். மாவட்ட ஆட்சியர் 30 நாளில் படிவம் 3இல் சான்றிதழும் அடையாள அட்டையும் தர வேண்டும். உடல் பரிசோதனை, மருத்துவச் சான்று எதுவும் கேட்கக் கூடாது என்று விதியிலேயே உள்ளது. நிராகரித்தால் 90 நாளுக்குள் மேல்முறையீடு.

படிவம் 3இல் 'திருநர்' என்று வரும். ஆண் அல்லது பெண் என்று வேண்டுமானால் 7ஆம் பிரிவின்படி மருத்துவமனைச் சான்றோடு மறுபடி விண்ணப்பித்து, 15 நாளில் படிவம் 4 பெறலாம். இங்கேதான் ஊரெல்லாம் தவறாகச் சொல்கிறார்கள், அறுவை சிகிச்சை முடிந்திருந்தால்தான் கிடைக்கும் என்று. விதிகளில் மருத்துவ இடையீடு என்பதற்குள் கவுன்சலிங்கும் ஹார்மோன் சிகிச்சையும் அடங்கும்.

சான்றிதழ் வந்ததும் முதலில் ஆதார். பெயரையும் பாலினத்தையும் திருத்த இந்தச் சான்றிதழே போதும். அதன்பின் பான், பேங்க், ரேஷன், கடைசியாக எஸ்எஸ்எல்சி புக். விதிகளின் இணைப்பில் உள்ள ஆவணப் பட்டியலில் 10ஆம் வகுப்புச் சான்றும் பிறப்புச் சான்றும் உண்டு, விண்ணப்பித்த 15 நாளில் மாற்ற வேண்டும், பழைய வரிசை எண் மாறக் கூடாது. இந்த வரிசை எண் விஷயத்தை விட்டுவிடாதீர்கள். எண் மாறினால் பத்து வருடம் கழித்து வேலைக்குப் போகும் இடத்தில் பழைய சான்றும் புதுச் சான்றும் வேறு வேறு ஆள் என்று சொல்லிவிடுவார்கள்.

வேலந்தாவளம் | 5 ஆகஸ்ட்

ஒரு சந்தேகமுங்க சார். இங்க பல பேருக்கு ஆதார் பொள்ளாச்சி விலாசத்துல, குடியிருக்கிறது கேரளத்துல. இன்னும் சில பேர் நேர் மாறா, வீடு எருத்தேன்பதி, ஜமாத்தோட (திருநங்கைகள் சேர்ந்து வாழற குழு) தங்கியிருக்கிறது கோயம்புத்தூர்ல. எந்தக் கலெக்டருக்குப் போடணும்?

நோட்டரி வாசல் | 5 ஆகஸ்ட்

விண்ணப்பிக்கும் நாளுக்கு முன் தொடர்ந்து 12 மாதம் எந்த மாவட்டத்தில் குடியிருக்கிறாரோ அந்த மாவட்டம். எல்லையில் விண்ணப்பம் சிக்குவது பெரும்பாலும் இதில்தான். ஆதாரில் கோயம்புத்தூர் மாவட்டம், விண்ணப்பத்தில் பாலக்காடு என்று இருந்தால் சரிபார்க்கிறவர் திருப்பி அனுப்பிவிடுவார். முதலில் ஆதார் விலாசத்தை மட்டும் தற்போதைய இடத்துக்கு மாற்றுங்கள், பெயரையும் பாலினத்தையும் அப்போது தொடாதீர்கள். விலாசம் மாறி வந்தபின் விண்ணப்பம். வாடகை ஒப்பந்தம் இல்லாதவர்கள்தான் அதிகம், அவர்கள் பஞ்சாயத்து மெம்பரையோ வில்லேஜ் ஆபீஸையோ பார்த்துக் குடியிருப்புச் சான்றுக்கு முயலலாம்.

எந்த மாநில உதவி என்பதையும் அப்போதே முடிவு செய்ய வேண்டும். தமிழ்நாட்டில் நல வாரியம் 2008 முதல் இருக்கிறது. 40 வயது தாண்டிய திருநங்கைகளுக்கு மாதம் 1,500 ரூபாய், 2024-25 பட்ஜெட்டில் அறிவித்தபடி உயர்கல்விக்கும் விடுதிக்கும் ஆகும் முழுச் செலவு, இவையெல்லாம் தமிழ்நாட்டுக்காரருக்கு. கேரளம் 2015இலேயே இந்தியாவில் முதலாவதாகத் திருநர் கொள்கை கொண்டுவந்தது, 2018இல் கலை அறிவியல் கல்லூரிகளில் ஒவ்வொரு படிப்பிலும் திருநருக்கு 2 கூடுதல் இடம் என்று உத்தரவு போட்டது. 9ஆம் வகுப்பிலிருந்து மேலே படிப்பவர்களுக்கு மத்திய அரசின் ஸ்மைல் திட்டத்தில் ஆண்டுக்கு 13,500 ரூபாய் உதவித்தொகை, இதற்கு மாநிலம் தடையில்லை, தேசியச் சான்றிதழ் வேண்டும். 18 வயதுக்குக் குறைந்தவருக்குப் பெற்றோரோ பாதுகாவலரோதான் சான்றிதழுக்கு விண்ணப்பிக்க முடியும். பெற்றோர் அமர்வு ஏன் முக்கியம் என்பதற்கு இது ஒன்றே போதும்.

நகரித் தறி (ஆந்திரம்) | 5 ஆகஸ்ட்

நான் சொல்றது ஆந்திர சித்தூர் மாவட்டம், பாலக்காட்டு சித்தூர் இல்லை, குழம்பிக்காதீங்க. இங்க போன மாசம் ஜூலை 1ல இருந்து திருநர் பென்ஷன் 3,000லிருந்து 4,000 ஆச்சு. திருத்தணிப் பக்கம் இருந்து வந்து தங்கினவங்க தமிழ்நாட்டு அட்டையை வச்சுக்கிட்டே இதையும் கேட்டா ஆதார்ல மாட்டும், ரெண்டும் நின்னு போகும். ஏதாவது ஒண்ணைத்தான் எடுக்கணும். கிராம சச்சிவாலயத்துல (கிராமச் செயலகம்) வெல்ஃபேர் அசிஸ்டன்ட்டைப் பார்த்தா விண்ணப்பம் போட்டுக் குடுப்பார். கேட்கிறது தெலுங்குல, படிவம் தெலுங்குல, அதனால கூட ஒருத்தர் போறது நல்லது.

விழிப்புணர்வுன்னு வர்றப்போ இங்க ஊருக்குத் தெரிஞ்ச ஒரே முகம் கடைக்கடையா வசூலுக்கு வர்றவங்க முகம். நெசவுச் சங்கத்துல கூட்டம் போட்டா முதல் கேள்வியே 'ஏன் வேலைக்குப் போகாம கைதட்டி வர்றாங்க'ன்னுதான் வரும். அதுக்குப் பதில் தயாரா இல்லாம யாரையும் முன்னாடி நிறுத்தாதீங்க. பதில் படிப்புலதான் இருக்கு. 2011 கணக்கெடுப்புல 'மற்றவர்' கட்டத்துல பதிஞ்சவங்க 4,87,803 பேர். அவங்கள்ல எழுதப் படிக்கத் தெரிஞ்சவங்க 56 சதவீதம், நாட்டுச் சராசரி 74. பள்ளிக்கூடம் பாதியில வெளிய தள்ளினவங்களைப் பார்த்து வேலைக்கு ஏன் போகலைன்னு கேட்கிற உரிமை ஊருக்கு இல்லைன்னு நேராச் சொல்லுங்க. கோபப்படாம சொன்னா கேட்டுக்கிறாங்க.

அஞ்சாம்மைல் அப்பா | 6 ஆகஸ்ட்

எல்லாரும் நல்ல எண்ணத்துலதான் எழுதறீங்க, மறுக்கலை. ஆனா 13, 14 வயசுப் பிள்ளைங்களுக்கு இதெல்லாம் இப்பவே சொல்லணுமா? மனசு குழம்பாதா? மத்திய அரசோட பாடநூல் அமைப்பு என்சிஇஆர்டியே 2021ல திருநர் பிள்ளைங்க பத்தி ஆசிரியருக்கு ஒரு கையேடு போட்டு, எதிர்ப்பு வந்ததும் எடுத்துட்டாங்களே. அவங்களே பின்வாங்கின இடத்துல ஒரு ஊர் வாயனசாலை ஏன் கை வைக்கணும்?

கரும்பலகை | 6 ஆகஸ்ட்

அண்ணா, கேட்டதற்கு நன்றி. பெற்றோர் கூட்டத்தில் கேட்கத் தயங்கி, வெளியே போய்ப் பேசுகிற கேள்வி இது.

கையேட்டை எடுத்தது உண்மை. குழந்தை உரிமைப் பாதுகாப்பு ஆணையம் கேள்வி எழுப்பியதும் சில நாட்களிலேயே இணையதளத்திலிருந்து நீக்கினார்கள். ஆனால் கையேட்டைத்தான் எடுத்தார்கள், திருநர் சட்டத்தின் 13ஆம் பிரிவு அப்படியே இருக்கிறது. அரசு நிதி பெறும் அல்லது அங்கீகாரம் பெற்ற எந்தப் பள்ளியும் திருநர் மாணவருக்குப் பாகுபாடின்றிக் கல்வியும் விளையாட்டும் தர வேண்டும். 11ஆம் பிரிவின்படி ஒவ்வொரு நிறுவனமும் புகார் அலுவலர் ஒருவரை நியமிக்க வேண்டும். உங்கள் பிள்ளை படிக்கும் பள்ளியில் அந்த அலுவலர் யார் என்று பிடிஏவில் கேட்டுப் பாருங்கள்.

குழப்பம் பற்றி: வகுப்பில் மருத்துவம் பேசுவதே இல்லை. சிகிச்சை, அறுவை, ஹார்மோன், எதுவும் கிடையாது. 9ஆம் வகுப்புக்கு 40 நிமிடத்தில் சொல்வது மூன்றே விஷயம்: மனிதர்கள் இப்படியும் இருக்கிறார்கள், கேலி செய்வது குற்றமாகக்கூட ஆகலாம், யாருக்காவது கஷ்டம் என்றால் இன்னாரிடம் போகலாம். 18ஆம் பிரிவில் சொல்லாலும் மனதாலும் துன்புறுத்துவதும் சேரும், 6 மாதம் முதல் 2 வருடம் வரை சிறை. கேலி செய்கிற பிள்ளையைப் பெற்றவருக்கும் இது தெரிந்திருப்பது நல்லது.

இன்னொன்றும் சொல்கிறேன். 2021 ஜூன் 7 அன்று சென்னை உயர்நீதிமன்றத்தில் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் சுஷ்மா வழக்கில் (வீட்டை விட்டு வந்த தன்பாலினப் பெண் இணையர் பாதுகாப்புக் கேட்ட வழக்கு) தீர்ப்பு சொன்னார். தீர்ப்புக்கு முன் தனக்கு இதில் புரிதல் போதாது என்று தானே ஓர் உளவியலாளரிடம் அமர்ந்து பாடம் கேட்டார், அதை மறைக்காமல் எழுதியும் வைத்தார். தமிழ்நாட்டுக் காவலர் நடத்தை விதிகளில் பால்புதுமையரை (திருநர், தன்பாலீர்ப்பாளர் உள்ளிட்டோர்) துன்புறுத்தக் கூடாது என்ற விதி சேர்ந்ததும், பத்திரிகைகளும் அரசும் பயன்படுத்தத் தமிழ்ச் சொற்பட்டியல் வந்ததும், மதமோ மருத்துவமோ சொல்லி ஒருவரை 'மாற்ற' முயல்வதற்குத் தடை வந்ததும் அந்த வழக்கின் தொடர்ச்சிதான். பெரியவர்கள் படித்தால் என்னென்ன மாறும் என்பதற்கு நான் ஆசிரியர்களிடம் காட்டும் முதல் உதாரணம் இது.

அஞ்சாம்மைல் அப்பா | 6 ஆகஸ்ட்

மருத்துவம் பேசறதில்லைங்கிறதை நோட்டீஸ்லயே போடுங்க டீச்சர். பாதிப் பயம் அதுல போயிடும். பெற்றோர் அமர்வுக்கு நான் வர்றேன்.

நல்லேப்பிள்ளி | 7 ஆகஸ்ட்

இதுவரை எழுதின எல்லாரும் திருநங்கைகளைப் பத்தியே பேசறீங்க. திருநம்பிகள் எங்கே? பெண்ணாப் பதிஞ்சு ஆணா வாழ்றவங்க. இவங்க ஊர்க் கண்ணுக்குத் தெரியாததுக்குக் காரணம் இருக்கு. வீட்டை விட்டு வெளிய அனுப்பறதுக்குப் பதிலா உள்ள பூட்டி வைப்பாங்க, சீக்கிரம் கல்யாணம் பேசுவாங்க. திருநங்கைக்கு ஜமாத்து இருக்கு, குரு இருக்கு, கெட்டதோ நல்லதோ போய்ச் சேர ஒரு இடம் இருக்கு. திருநம்பிக்கு அப்படி எதுவும் கிடையாது.

வீட்டை விட்டுப் போனா அப்பா காணாமப் போன புகார் குடுப்பார். 18 முடிஞ்சவரா இருந்து, சொந்த விருப்பத்துல போனேன்னு வாக்குமூலம் குடுத்தா தொந்தரவு பண்ணாம புகாரை முடிக்கணும்னு டீச்சர் சொன்ன அதே சென்னைத் தீர்ப்பு சொல்லுது. ஆனா புகார் பாலக்காட்டு ஸ்டேஷன்ல பதிவாச்சுன்னா அந்த வழிகாட்டுதல் அங்க கட்டாயமில்லை. வாளையாருக்கு அந்தப் பக்கம் ஒரு விதி, இந்தப் பக்கம் வேற. அதனால வக்கீல் நம்பர் ரெண்டு மாநிலத்துலயும் ஒண்ணொண்ணு தாள்ல இருக்கணும்.

பேச்சாளர்னு கூப்பிட்டா ரெண்டு பேரைக் கூப்பிடுங்க, ஒரு திருநங்கை, ஒரு திருநம்பி. மேடை ஏற விருப்பமில்லாத திருநம்பியைக் கட்டாயப்படுத்தாதீங்க. குரல் பதிவு அனுப்பச் சொல்லிப் போட்டுக் காட்டினாலும் போதும். அப்புறம் பள்ளியில நாப்கின் போடற தொட்டி பெண்கள் கழிப்பறையில மட்டுந்தான் இருக்கும். கரும்பலகை டீச்சர் சொன்ன தனிக் கழிப்பறையிலயும் ஒண்ணு வையுங்க, மூடி போட்டது. மறந்து போற சாமான் இது.

வாளையார் கணவாய் | 7 ஆகஸ்ட்

இது என் மனசுல வரவே இல்லைங்க. மேடைன்னு நான் சொன்னதுல ரெண்டு பேரையும் சேர்த்துக்கறேன். பேச்சாளரை எப்படி நடத்தறதுன்னும் யாராவது எழுதுங்க. அங்கதான் நிறைய நிகழ்ச்சி கெட்டுப் போகுது.

மறையூர் (தேவிகுளம் தாலுகா) | 7 ஆகஸ்ட்

எழுதறேன். பேசுறவருக்குப் பணம் கொடுங்க, வண்டிச் செலவு தனி, ரெண்டையும் வர்றதுக்கு முன்னாடியே அனுப்பிடுங்க. 'சமூக சேவைதானே'ன்னு சும்மா கூப்பிடறது அவங்களோட ஒரு நாள் கூலியை எடுத்துக்கறது. வேற டாக்டரையோ வக்கீலையோ அப்படிக் கூப்பிட மாட்டோம். வாழ்க்கைக் கதையைச் சொல்லச் சொல்லாதீங்க, தலைப்பு கொடுங்க: வேலை, படிப்பு, வாடகை வீடு, காவல் நிலையம். அழுத கதையைக் கேட்ட ஊர் 'பாவம்'னு சொல்லிட்டு வீட்டுக்குப் போகும், வாடகைக்கு அறை தராது.

கேள்வி எல்லாம் துண்டுச் சீட்டுல. ஆளுக்கு ஒரு சீட்டு, பேர் எழுதக் கூடாது, எழுத ஒண்ணும் இல்லாதவங்களும் மடிச்சுப் போடணும், அப்பத்தான் எழுதினது யாருன்னு தெரியாது. சீட்டைப் பிரிக்கிறது நடத்துறவர், பேச்சாளர் இல்லை. பழைய பேர் என்ன, ஆபரேஷன் ஆச்சா, ராத்திரி யாரோட இருக்கீங்க, இந்த மூணு ரகமும் வந்தே தீரும். அதை வாசிக்காம ஒதுக்கிட்டு, 'இந்த மாதிரிக் கேள்வியை நம்ம வீட்டு ஆளுககிட்ட யாரும் கேட்க மாட்டோம்'னு ஒரே வாக்கியம் சொல்லிட்டுப் போயிடணும். 40 பேர் கூட்டத்துக்கு 10 நல்ல கேள்வி தேறும்.

போட்டோ: பஞ்சாயத்து வாட்ஸ்அப் குரூப்புல படம் போயிட்டா திரும்ப எடுக்க முடியாது. மேடையில இருக்கிறவங்க எழுதிக் கொடுத்தா மட்டும் படம். பார்வையாளர் பக்கம் கேமரா திரும்பவே கூடாது, ஏன்னா கடைசி வரிசையில உட்கார்ந்து தலை குனிஞ்சு கேட்கிறவருக்காகத்தான் இந்த நிகழ்ச்சியே. உள்ளூர் யூடியூப் பசங்க வருவாங்க, வாசல்லயே சொல்லிடுங்க.

எஸ்டேட் பக்கம் லயத்துல (தொழிலாளர் வரிசை வீடுகள்) கூட்டம் போட்டா வேலை முடிஞ்சு சாயங்காலம்தான் ஆள் வரும், மழைக்காலத்துல அதுவும் வராது. குடும்பஸ்ரீயோட அயல்கூட்டம் (அக்கம்பக்கத்துக் குழு) வாரா வாரம் எப்படியும் கூடுது, 10 முதல் 20 பெண்கள். அங்கேயே முப்பது நிமிஷம் வாங்கிக்கிறது மேல். வீடு வாடகைக்கு விடலாமா வேண்டாமான்னு முடிவு பண்றது பல வீட்டுல அவங்கதான். வாடகை விஷயத்தை அங்க பேசுங்க.

பாதியில படிப்பை விட்டவங்க இருந்தா பஞ்சாயத்து சாக்ஷரதா பிரேரக்கை (எழுத்தறிவுப் பணியாளர்) பாருங்க. கேரள சாக்ஷரதா மிஷன் திருநருக்குன்னே 'சமன்வயா' நடத்துது, 4, 7, 10, பிளஸ் டூ வகுப்புக்குச் சமமான தேர்வு எழுதலாம். தமிழ்ல எழுத வசதி உண்டான்னு சேரும்போதே கேட்டு எழுதி வாங்கிடுங்க, பரீட்சை நேரத்துல கேட்டா ஒண்ணும் நடக்காது.

நோட்டரி வாசல் | 8 ஆகஸ்ட்

சட்டப் பகுதியில் ஒரு எச்சரிக்கை சேர்க்கிறேன். 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சம்ஹிதா என்ற புதுத் தண்டனைச் சட்டம் வந்துவிட்டது. பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 377ஆம் பிரிவில், சம்மதத்தோடு நடப்பது குற்றமில்லை என்ற 2018 உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகும் சம்மதமில்லாத செயலுக்குத் தண்டனை இருந்தது. புதுச் சட்டத்தில் அந்தப் பிரிவே இல்லை, பாலியல் வல்லுறவு என்பது பெண்ணுக்கு எதிரானது மட்டும் என்றே இருக்கிறது. வளர்ந்த ஒரு திருநருக்கு அப்படி நடந்தால் நேராகப் பொருந்துவது திருநர் சட்டத்தின் 18ஆம் பிரிவு, அதிகபட்சம் 2 வருடம். காயம், மிரட்டல், அடைத்து வைத்தல் என்று மற்ற பிரிவுகளையும் சேர்த்து எழுதச் சொல்லிக் கேட்க வேண்டும், ஸ்டேஷனில் தானாகச் சேர்க்க மாட்டார்கள். 18 வயதுக்குக் குறைந்தவர் என்றால் போக்சோ, அதில் ஆண் பெண் பேதமில்லை, 1098 (குழந்தைகள் உதவி எண்) கூப்பிடலாம். இது மாணவர் அமர்வுக்கு வேண்டாம், ஆசிரியருக்குக் கட்டாயம் வேண்டும்.

பள்ளி சேர்க்க மறுத்தால் என்ன என்று கேட்பார்கள். 3ஆம் பிரிவு அதைத் தடை செய்கிறது, ஆனால் மீறினால் சிறை என்று அதில் இல்லை. புகார் அலுவலர், பிறகு மாவட்ட அதிகாரி, பிறகு உயர்நீதிமன்றம், இதுதான் வழி. நடக்கிற வழிதான்: 2021 மார்ச்சில் கேரள உயர்நீதிமன்றம் ஹினா ஹனீஃபா வழக்கில் திருநங்கை மாணவி என்சிசியில் பெண்கள் பிரிவில் சேரலாம் என்று தீர்ப்பளித்தது.

வாயனசாலைத் திண்ணை | 9 ஆகஸ்ட்

கமிட்டி நேத்து கூடிச்சு. ஆசிரியர் அமர்வு இந்த மாசக் கடைசி சனிக்கிழமை, பெற்றோர் அமர்வு அதுக்கு அடுத்த வாரம், மாணவர் வகுப்பு ஓண லீவு முடிஞ்சு. மேடை நிகழ்ச்சியைக் கைவிடலை, கடைசிக்குத் தள்ளியிருக்கோம், அன்னைக்கே வாயனசாலை முன்னாடி விண்ணப்ப முகாமும். 'மருத்துவம் பேசப்படாது'ன்னு நோட்டீஸ்ல தமிழ், மலையாளம் ரெண்டுலயும் போட்டாச்சு. மூடி போட்ட தொட்டிக்கு பிடிஏ பணம் ஒதுக்கிடுச்சு.

ஒரு விஷயம் மட்டும் நிக்குது. அக்ஷயாவுல (கேரள அரசு இ-சேவை மையம்) இருந்து லேப்டாப்பும் ஸ்கேனரும் வரும். நோட்டரியும் 10 ரூபாய்ப் பத்திரமும் எப்படி?

நோட்டரி வாசல் | 9 ஆகஸ்ட்

நோட்டரியை நேரில் அழைத்துவிடுங்கள், கோர்ட் இல்லாத நாளாக, ஞாயிறு நல்லது. கையெழுத்து அவர் கண்முன் போட வேண்டும், முன்கூட்டி வாங்கி வைத்த கையெழுத்தை ஏற்க மாட்டார். 10 ரூபாய்த் தாள் கிடைக்காவிட்டால் 50, 100 தாளில் எழுதலாம், தொகை கூடினால் தவறில்லை. ஆளுக்கு ஒன்றும், எழுத்துப் பிழைக்கு நாலைந்து கூடுதலாகவும் முந்தின வாரமே வாங்கிவிடுங்கள். பத்திரத்தில் உள்ள பெயர் எழுத்துக்கு எழுத்து ஆதாரோடு பொருந்த வேண்டும், இனிஷியல் முன்னால் இருக்கிறதா பின்னால் இருக்கிறதா என்பது உட்பட. வேண்டிய புதுப் பெயரை விண்ணப்பத்தில் அதற்கான கட்டத்தில் எழுத வேண்டும். புதுப் பெயரின் ஆங்கில எழுத்துக்கூட்டை அவரே ஒரு தாளில் எழுதித் தரட்டும், அக்ஷயாவில் இருப்பவர் கேட்டு அடிக்க வேண்டாம். மலையாள உச்சரிப்பில் அடித்துவிட்டால் பிறகு எல்லா ஆவணத்திலும் அதுவே ஏறிவிடும். ஏற்றி முடித்ததும் விண்ணப்ப எண்ணை அவர் போனிலேயே படமெடுத்துக் கொடுங்கள், முகாம் பதிவேட்டில் பெயர் எழுத வேண்டாம்.